7 மாதம், 26 சனிக்கிழமை: சத்துவாச்சாரி அக்குபஞ்சர் கிளினிக்

முதல் நாள் நான் கொண்டுபோன ஃபைலை அந்த டாக்டரம்மா ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். ஐந்து வருடத்து ஸ்கேன், தைராய்டு டெஸ்ட், கருக்குழாய் எக்ஸ்ரே, முட்டை வளர மாத்திரை எழுதிக்கொடுத்த சீட்டு எல்லாம் அதில் இருந்தன. கடைசித் தாள் வரைக்கும் போய்விட்டு நிமிர்ந்து, "இதெல்லாம் உங்களுது. வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கம்மா?" என்று கேட்டார்.

இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்காமல் இல்லை, ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். இவர் கடையில் வேலை என்பார், அடுத்த வாரம் என்பார். வீட்டில் பேச்சு வளர வேண்டாம் என்று நானும் விட்டுவிடுவேன். டாக்டரம்மா ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். "ஊசிய அடுத்த வாரம் வெச்சுக்கலாம். அந்த ஒரு டெஸ்ட எடுத்துட்டு ரெண்டு பேருமா வாங்க." அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

அந்தக் கேள்விக்காகவே இந்த இடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். குழந்தை உண்டாகச் சீன வைத்தியம் பார்க்கலாமா, வேலூர் பக்கம் யாரிடம் போகலாம் என்று எங்கள் கம்பெனியில் மட்டும் மூன்று பெண்கள் என்னிடம் தனியாக வந்து கேட்டுவிட்டார்கள். டீ டைமில் சொல்லி முடிகிற விஷயமாக இது இல்லை.

எனக்கு ஊர் ஆற்காடு, வயது 34, ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணமாகி 6 வருடம். கர்ப்பப்பையில் குறை இல்லை, ஆனால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறது, தைராய்டும் இருக்கிறது. இவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிளினிக்கின் பெயரை நான் போடவில்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது டாக்டரம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். "பேரப் போட்டா, இங்க போனா குழந்தை நிச்சயம்னு யாராவது கிளப்பி விடுவாங்க. அதக் கேட்டு வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" சத்துவாச்சாரியில் விசாரித்தால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் வேறு ஒருவரிடம் போய் நான் பட்டது இருக்கிறது. அந்த ஊரும் பெயரும் வேண்டாம். அவர் ஊசி போடுவதில்லை. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பார், ஏதாவது ஒரு புள்ளியை விரலால் தொடுவார், போய் வாருங்கள் என்பார். தொடுவதில் எனக்குப் புகார் இல்லை. "இங்கிலீஷ் மாத்திரை எல்லாம் உடம்புல கழிவாத்தான் சேரும், நிறுத்திடுங்க" என்றார், அதில்தான் என் கெட்ட காலம் ஆரம்பித்தது. தைராய்டு மாத்திரையை நிறுத்தினேன். கூடவே லேபிள் இல்லாத டப்பாவில் சீன மூலிகைப் பொடி என்று ஒன்று, மாதத்துக்கு 4,500 ரூபாய். மூன்று மாதத்தில் முகம் உப்பியது, தலை வாரினால் முடி கொத்தாக வந்தது, மாதவிலக்கு 70 நாள் தள்ளிப்போனது. எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், அந்த 70 நாளில் பாதி நாள் என்னைக் குடம் தூக்க விடவில்லை. வாயால் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். டெஸ்ட் எடுத்தால், தைராய்டு குறைந்தால் ஏறுகிற டி.எஸ்.எச். அளவு 2.3-இல் இருந்தது 14-க்கு ஏறியிருந்தது. தள்ளிப்போனது கருவால் இல்லை, தைராய்டால் என்று அத்தைக்குப் புரியவைத்த ராத்திரியை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் சத்துவாச்சாரியில் நான் முதலில் கேட்டதே, மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா என்பதைத்தான். "அது நான் எழுதின மாத்திரை இல்லையே. எழுதினவங்க சொன்னாத்தான் கூட்டணும், குறைக்கணும்" என்றவர், அதோடு விடவில்லை. வெறும் வயிற்றில்தான் போடுகிறேனா, போட்டு எவ்வளவு நேரம் கழித்துக் காபி குடிக்கிறேன் என்று கேட்டார். நான் மாத்திரையையே காபியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தேன். குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார். ஐந்து வருடத்தில் யாரும் என்னிடம் இதை உட்கார்ந்து கேட்டதில்லை.

அவர் படித்தது பி.என்.ஒய்.எஸ்., இயற்கை மருத்துவமும் யோகாவும். ஐந்தரை வருடப் படிப்பு, அக்குபஞ்சர் அதில் ஒரு பாடம். சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது. போகிறவர்கள் எங்கே போனாலும் இதைப் பாருங்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? முதலில் நாடி. இரண்டு கையிலும் மூன்று மூன்று விரல் வைத்துப் பார்க்கிறார். நம் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார், வாதம் பித்தம் கபம் என்று. சீனக் கணக்கு வேறு. இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், அங்கேயும் மூன்றாவதாகச் சிறுநீரகம். பிள்ளைப்பேறுக்கு அவர்கள் சொல்லும் மூலமே சிறுநீரகம்தான். பிறக்கும்போதே கொண்டுவரும் உயிர்ச்சாரம் ஒன்று அங்கே சேமித்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுடைய பழைய மருத்துவ நூலில் பெண்ணின் வயதை ஏழு ஏழாகப் பிரித்திருக்கிறார்களாம்: 14-இல் பூப்பு, 49-இல் நிற்பது. ஆணுக்கு எட்டு எட்டாக. நம் சிறுநீரகம் செய்கிற வேலைக்கும் அவர்கள் சொல்கிற சிறுநீரகத்துக்கும் முடிச்சுப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுத்தான் இதை விளக்கினார்.

அப்புறம் நாக்கு. ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். எனக்குப் பதிந்திருந்தது.

ஊசி என்றதும் ஆஸ்பத்திரி ஊசியை நினைக்க வேண்டாம். தலைமுடி மூன்று நான்கைச் சேர்த்துப் பிடித்தால் என்ன தடிமனோ அவ்வளவுதான், கால் மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சீல் வைத்த உறையில் வரும்; நம் கண்ணெதிரே பிரித்து, முடிந்ததும் நம் கண்ணெதிரே டப்பாவில் போடுவார். பிளாஸ்டிக் குழாயைத் தோலில் நிறுத்தி மேலே ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு. எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. பிறகு குழாயை எடுத்துவிட்டு ஊசியை லேசாகத் திருகுவார். அப்போதுதான் அது வரும்: உள்ளே ஈயக்குண்டு வைத்த மாதிரி ஒரு கனம், அந்த இடத்திலிருந்து பாதம் வரைக்கும் மெதுவாக இறங்கும். சீனத்தில் அதற்கு 'த சீ' என்று பெயர், சீ, அதாவது உடம்பில் ஓடும் உயிர்ச்சக்தி, வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். "கனமா இருக்கா?" என்று கேட்பார். ஆமாம் என்றால்தான் அடுத்த ஊசிக்குப் போவார்.

எனக்குப் பெரும்பாலும் போடுவது உள் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஒன்று, முழங்காலுக்கு நாலு விரல் கீழே வெளிப்பக்கம் ஒன்று, தொப்புளுக்கு நாலு விரல் கீழே ஒன்று, உச்சந்தலையில் ஒன்று. கணுக்கால் புள்ளிக்கு 'சான் யின் ஜியாவ்' என்று பெயர். மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் மூன்றின் ஓட்டமும் கூடுகிற முச்சந்தி என்று விளக்கினார். உச்சந்தலை ஊசியில் எனக்கு முதல் தடவையே தூக்கம் வந்துவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே விடுவார்கள். வேலைக்குப் போகிற, கல்யாணமான ஒரு பெண்ணுக்கு யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் வேறு எங்கே கிடைக்கிறது?

எனக்குப் பிடிபடாமல் ரொம்ப நாள் மனதில் கிடந்தது குளிர்ச்சிக் கணக்கு. நம் ஊரில் குழந்தை தங்கவில்லை என்றால் உடம்புச் சூடு என்பார்கள். வெந்தயம் ஊறவை, எண்ணெய் தேய்த்துக் குளி, இளநீர் குடி. சீன வைத்தியத்தில் எனக்குச் சொன்னது நேர் எதிர்: கருப்பை குளிர்ந்திருக்கிறது, வெதுவெதுப்பாக வைத்துக்கொள். ஐஸ் தண்ணீர் கூடாது, வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கக் கூடாது. அக்கினி நட்சத்திரத்தில், வேலூர் வெயிலில், இதைக் கேட்டால் எப்படி இருக்கும்! அத்தை நேராகவே கேட்டுவிட்டார்: "உடம்பு சூடாக் கீதுன்னுதான நான் தினமும் வெந்தயம் ஊற வெக்கறேன். அவங்க இன்னா குளிருன்றாங்க?"

அடுத்த வாரம் டாக்டரம்மா என் கையை எடுத்து என் வயிற்றிலேயே வைத்தார். தொப்புளுக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. மின்விசிறி ஓடினாலும் மே மாதம், முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தொப்புளுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குச் சில்லென்று இருந்தது. அதனால்தான் குழந்தை தங்கவில்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் இத்தனை வருடம் ஸ்கேன் கருவி ஊர்ந்த வயிற்றை நான் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெந்தயத்தை நிறுத்தச் சொல்லவில்லை. "அத்தை ஆசையா குடுக்கறாங்க, குடிங்க. ஃப்ரிட்ஜ் தண்ணில ஊற வெக்க வேணாம்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்தக் குளிர்ச்சிக்குச் சூடு காட்டுவதுதான் மக்சா. ஒரு காய்ந்த இலையை அரைத்துப் பஞ்சாக்கி, காகிதத்தில் சுருட்டு மாதிரி உருட்டியிருப்பார்கள். நுனியைப் பற்றவைத்து, தோலில் படாமல் இரண்டு விரல் உயரத்தில் பிடிப்பார். சூடு மேலே நிற்காமல் அடிவயிற்றுக்குள் இறங்கும். முதல் தடவை அந்தப் புகையை முகர்ந்ததும் எனக்கு ஏதோ ஞாபகம் வந்தது, என்னவென்று பிடிபடவில்லை. பஸ்ஸில் ரத்தினகிரி மலை தாண்டும்போது பிடிபட்டது: தவனம். அம்மா கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டும் தவனம். அடுத்த வாரம் சொன்னதும் டாக்டரம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டும் ஒரே இனம்தானாம், ஆர்ட்டிமீசியா. அதே இனத்தில் இன்னொரு செடியிலிருந்து மலேரியா மருந்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2015-இல் டூ யூயூ என்ற சீன அம்மாவுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள் என்றார்.

மாதம் முழுவதும் ஒரே இடத்தில் குத்துவதில்லை. மாதவிலக்கு நாளில் வயிற்றில் ஊசி கிடையாது, கால் மட்டும். முடிந்த பிறகு ரத்தத்தை ஊட்டுவதற்கு, முட்டை வெளிவரும் சமயத்தில் ஓட்டத்தைத் தூண்டுவதற்கு, அதற்குப் பிறகு கதகதப்பாக வைப்பதற்கு என்று நாலாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முட்டை வெளிவந்த பிறகு வயிற்றையும் அந்தக் கணுக்கால் புள்ளியையும் தொடவே மாட்டார். ஒருவேளை கரு நின்றிருந்தால் அந்த இடங்கள் ஆகாது என்பது பழைய விதி. இதற்காகத் தினமும் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் தெர்மாமீட்டர் வைத்துக் குறிக்கச் சொன்னார். முட்டை வெளிவந்த பிறகு ஃபாரன்ஹீட் கணக்கில் அரை டிகிரி போல ஏறி நிற்கும். எனக்கு முதல் இரண்டு மாதம் ஏறவே இல்லை. மூன்றாவது மாதம் கோடு ஏறியதைப் பார்த்து அந்தத் தாளை இவரிடம் காட்ட ஓடினேன்.

ஐந்தாறு வாரம் போன பிறகு, உங்களிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கரு நின்றது என்று கேட்டேன். வேறு யாராவது என்றால் செல்போனில் குழந்தைப் படங்களைக் காட்டியிருப்பார்கள். டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து எனக்கு எழுதிக் காட்டினார். நீர்க்கட்டி உள்ள 1,000 பெண்களைச் சீனாவிலேயே, நிஜ ஊசி அல்லது போலி ஊசி, அதோடு நிஜ மாத்திரை அல்லது போலி மாத்திரை என்று நாலு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆராய்ச்சி, 2017-இல் வெளியானது. முறையாக ஊசி போட்டவர்களில் 100-க்கு 22 பேருக்குக் குழந்தை பிறந்தது. பெயருக்குத் தோலில் லேசாகக் குத்திவிட்டு அனுப்பியவர்களிலும் 22. ஆனால் முட்டை வளர மாத்திரை போட்டவர்களில் 29, போலி மாத்திரை போட்டவர்களில் 15. 2018-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனைக் குழாய் சிகிச்சையில் இருந்த 848 பெண்களிடம் பார்த்ததிலும் அப்படித்தான்: நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் வித்தியாசம் இல்லை.

"அப்ப நான் எதுக்கு மேடம் இங்க வரணும்?" என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது.

"தூக்கத்துக்கு வாங்க. வலிக்கு வாங்க. அந்தப் பயத்தோட ஆஸ்பத்திரி படி ஏற முடியலைன்னு சொன்னீங்களே, அதுக்கு வாங்க. குழந்தைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரெண்டுக்கும் போகலாம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் ஐந்து வருடத்தில் என்னிடம் நம்பரை மறைக்காமல் சொன்னவர் அவர்தான். தொடர்ந்து போனேன்.

மூலிகை அவர் தருவதே இல்லை. டாங் குய் என்ற வேர் முதலான நாலு மருந்து சேர்த்த கஷாயம் ஒன்று சீனாவில் பெண்களுக்குக் காலம் காலமாகக் கொடுப்பது என்று சொன்னார். ஆனால் நான் கொண்டுபோன அந்தப் பழைய டப்பாவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. 1990-களில் பெல்ஜியத்தில், உடம்பு இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே போனதாம். ஒரு வேருக்குப் பதிலாக வேறு வேர் கலந்துவிட்டது. "பேரு தெரியாத பொடியை எதுக்கும்மா வயித்துக்குள்ள போடறீங்க?" வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை கடையை மூடிவிட்டு வந்தார். ரிப்போர்ட்டில் உயிரணு எண்ணிக்கை பரவாயில்லை, அசைவு 22 சதவீதம், 40-க்கு மேல் இருக்க வேண்டியது. பஸ்ஸில் ஆற்காடு வரும் வரை பேசவே இல்லை. டாக்டரம்மா ஊசி போடுவதற்கு முன் ஆண்களுக்கான டாக்டரிடம் அனுப்பினார். வார்னிஷ் போட்ட காயிலை உலர்த்தும் சூட்டுப் பெட்டி பக்கத்திலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும், பீடியையும், அங்கேதான் பேசினார்கள். உயிரணு உருவாகி வர 70 நாளுக்கு மேல் ஆகும், மூன்று மாதம் கழித்துத்தான் மாற்றம் தெரியும் என்றார்கள். பெட்டியைக் கடைக்குப் பின்பக்கம் மாற்றினார், பீடியை விட்டார். மூன்று மாதம் கழித்து 34. போதாது, ஆனால் ஏறியிருக்கிறது. இதில் ஊசிக்குப் பங்கு உண்டா என்று எனக்குத் தெரியாது. அந்த டெஸ்ட்டை எடுக்க வைத்தது அந்தக் கிளினிக்தான்.

குறைகள் இருக்கின்றன. மருந்துக்கடைக்கு மேலே செங்குத்தான படி. மூன்று கட்டிலுக்கும் நடுவில் துணித் திரைதான், பக்கத்துக் கட்டிலில் பேசுவது அப்படியே கேட்கும். எங்கள் தெருக்காரர் ஒருவர் கழுத்து வலிக்கு வந்திருந்த அன்று நான் மாதவிலக்குத் தேதியைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை, தாளில் எழுதிக் காட்டினேன். குழந்தை விஷயமாக வருகிறவர்களுக்கு ஒரு மரக்கதவாவது வேண்டும். இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மக்சாப் புகை வெளியே போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை, தும்மல் உள்ளவர்களுக்கு ஆகாது. நாலரை மணிக்கு வரச் சொன்னால் ஐந்தேகால் ஆகிறது. ஒரு தடவைக்கு 350 ரூபாய், நாடி பார்க்கும் முதல் நாளுக்கு 500. மொத்தமாகப் பத்து தடவைக்குக் கட்டுங்கள் என்று கேட்பதில்லை. சாப்பிடாமல் போகக் கூடாது. எனக்கு ஒரு தடவை வெறும் வயிற்றில் தலை சுற்றிவிட்டது, உடனே எல்லா ஊசியையும் எடுத்துக் காலைத் தூக்கி வைத்தார்கள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால்: 50, 60 நாள் தள்ளிப்போன மாதவிலக்கு இப்போது 34, 36 நாளில் வருகிறது. முதல் நாள் வலிக்கு மாத்திரை போடுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பது நின்றுவிட்டது. தைராய்டு மாத்திரையை ஒழுங்காகப் போட்டதும், நாலு கிலோ இறங்கியதும் இதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரம்மாவும் அதையேதான் சொல்கிறார். கரு இன்னும் நிற்கவில்லை. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் மறுபடியும் முட்டை வளர மாத்திரை ஆரம்பிக்கிறார்கள், ஸ்கேனோடு. டாக்டரம்மா என் தெர்மாமீட்டர் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, அங்கே காட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

போன வருடம் கார்த்திகைக் கடைஞாயிறு அன்று அத்தை என்னை விரிஞ்சிபுரம் கூட்டிப்போனார். நடுராத்திரியில் சிம்மக்குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு கோயிலுக்குள் படுத்துக்கொள்ள வேண்டும். கனவில் பூவோ பழமோ வந்தால் குழந்தை உண்டு என்பார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. சுற்றிலும் என்னைப் போல எத்தனையோ பேர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள். இதைச் சொன்னபோது, ஈரத்தோடு படுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லுவார் என்று நினைத்தேன். "இந்த வருஷம் தூங்குவீங்க" என்றார்.

வியாழக்கிழமை எனக்கு வந்துவிட்டது, 35-ஆவது நாள். அழுதேன். சனிக்கிழமை வரட்டுமா என்று போன் செய்தேன். வாங்க, இந்த வாரம் கால் மட்டும்தான் என்றார். முட்டி வலிக்கு அத்தையும் கூட வருகிறார்.